டாக்டர் சொன்னதில் பாதி

என் கணவருக்குக் காது கேட்காது. பிறவிக் கோளாறு இல்லை, வேலை பார்த்துப் போன காது. போர்ட் பிளேரில் கப்பல் பழுதுபார்க்கும் டிரை டாக்கில் இருந்தார். கப்பலைத் தண்ணீரிலிருந்து ஏற்றி நிறுத்தி, அடிப்பக்கத்துத் துருவைச் சுத்தியலால் தட்டித் தட்டி உதிர்ப்பார்கள். தகரத் தொட்டிக்குள் உட்கார்ந்து தகரத்தைத் தட்டினால் காது என்னத்துக்கு ஆகும்? பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னால் அதைக் கேவலமாக நினைக்கிற ஆட்கள் அவர்கள். ஓய்வு பெறுவதற்குள் இடது காது சுத்தமாக அடைத்துவிட்டது. வலது காதுப் பக்கம் போய்க் கத்தினால் கொஞ்சம் விழும்.

அதனால் பல வருஷமாக அவருடைய காது நான்தான். பேங்க், ரேஷன் கடை, பென்ஷன் ஆபீஸ், ஆஸ்பத்திரி என்று எங்கே போனாலும் எதிரில் இருப்பவர் சொல்வதை நான் கேட்டு, அவர் வலது காதில் சுருக்கிக் கத்துவேன். பத்து வாக்கியத்தை இரண்டாக்குவேன். ஆபீசர்கள் வளவளவென்று இழுப்பதை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டுச் சாரத்தை மட்டும் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. அவர் என்னைக் கூப்பிடுவதே "சுனோ" என்றுதான். ஹிந்தியில் அதற்குக் 'கேளு' என்று அர்த்தம். கேட்கிற வேலையை மொத்தமாக என்னிடம் ஒப்படைத்துவிட்டு அவர் நிம்மதியாக இருந்தார்.

அவருடைய முப்பாட்டன் கைதியாக இந்தத் தீவுக்கு வந்தவர். எந்த ஜில்லாவிலிருந்து வந்தார் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. தமிழும் ஹிந்தியும் கலந்த ஒரு பாஷைதான் அவர்கள் வீட்டுப் பேச்சு. என் அப்பா அம்மா இலங்கைத் தேயிலை மலையிலிருந்து அனுப்பப்பட்டு, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவர்கள். நான் அங்கே பிறந்து, கல்யாணமாகிப் போர்ட் பிளேர் பக்கம் டாலிகஞ்சுக்கு வந்தவள். எங்கள் இரண்டு பேருக்குமே மெயின்லேண்ட் என்பது அடுத்தவர் வீடு மாதிரிதான். ஆனால் எங்கள் ஒரே மகள் கல்யாணமாகிச் சென்னைக்குப் போய்விட்டாள்.

இரவில் அவர் அடிக்கடி எழுந்து பாத்ரூமுக்குப் போக ஆரம்பித்தபோது முதலில் நான் திட்டினேன். ராத்திரி டீ குடிக்காதீர்கள் என்றேன். பிறகு பயம் வந்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். ரத்தம் எடுத்தார்கள். புராஸ்டேட் சுரப்பிக்கென்று பி.எஸ்.ஏ. என்று ஒரு அளவு பார்க்கிறார்கள், அது இருக்க வேண்டியதைவிடக் கூடுதலாக இருந்தது. நீர்த்தாரையில் கிருமி இருந்தாலும் அப்படிக் காட்டும் என்று மாத்திரை கொடுத்தார்கள். மறுபடி பார்த்தபோது கொஞ்சம் இறங்கியிருந்தது, முழுக்க இறங்கவில்லை. எதற்கும் எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாம் என்றார்கள்.

அந்த மெஷின் போடுகிற சத்தத்தில் ஆளே அலறிவிடுவார்கள் என்று பக்கத்து வீட்டு வங்காளி அக்கா, தீதி என்றுதான் கூப்பிடுவோம், பயமுறுத்தி அனுப்பியிருந்தாள். இவர் உள்ளே போய்த் தூங்கிவிட்டார். வெளியே வந்து, "அரே, நம்ம டாக் மாதிரியே இருந்துச்சு, சுகமா நீந்த் வந்துருச்சு, தூங்கிட்டேன்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்போடு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் மெயின்லேண்டிலிருந்து வந்து போகிறவர். வெளியே பெரிய கூட்டம் காத்திருந்தும், எங்களுக்கு நிதானமாகவே நேரம் கொடுத்தார். ஹிந்தியில்தான் பேசினார். இந்த ஸ்கேனுக்கு ஐந்து வரை மார்க் போடுகிறார்கள். ஒன்று, இரண்டு என்றால் பெரும்பாலும் பயமில்லை. நாலு, ஐந்து என்றால் சந்தேகம் பலமாக இருக்கிறது என்று அர்த்தம். இவருக்கு மூன்று. "ந இதர், ந உதர்" என்று டாக்டர் கையை இரண்டு பக்கமும் ஆட்டிக் காட்டினார். இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை.

பிறகு இரண்டு வழி சொன்னார். ஒன்று, மெயின்லேண்ட் போய் பயாப்ஸி செய்துகொள்வது. ஊசியால் சுரப்பியில் பல இடங்களில் துளித் துளியாகச் சதை எடுத்துப் பார்ப்பார்கள். சிலருக்கு ரத்தம் போகும், சிலருக்குக் காய்ச்சல் வரும், ஆனால் விஷயம் ஓரளவு தெளிவாகிவிடும். இன்னொன்று, காத்திருப்பது. மூன்று மாதத்தில் மறுபடி ரத்தம் பார்ப்பது, ஏறிக்கொண்டே போனால் அப்போது ஊசி. இப்படி மூன்று வருகிறவர்களில் பலருக்குக் கடைசியில் ஒன்றும் இருப்பதில்லை என்றும், சிலருக்கு இருந்துவிடுகிறது என்றும் ஒளிக்காமல் சொன்னார். "தோனோ டீக் ஹை. கர் ஜாகே ஆராம் ஸே ஸோச்சியே." இரண்டுமே சரிதான், வீட்டுக்குப் போய் நிதானமாக யோசியுங்கள். போகலாம் என்று முடிவு செய்தால் சொல்லுங்கள், ரெஃபரல் எழுதித் தருகிறேன் என்றார்.

ரெஃபரல் என்ற அந்த ஒரு வார்த்தையில் என் புத்தி நின்றுவிட்டது.

இதை வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால்தான் புரியும். எங்கள் தீவில் ரெஃபரல் என்றால் நோயாளியும் கூட ஒரு ஆளும் மெயின்லேண்ட் போய்வரச் சர்க்கார் வழி விடுகிறது என்று அர்த்தம். உண்மையாகவே உயிருக்குப் போராடிப் போகிறவர்கள் உண்டு. போன கையோடு சொந்தக்காரர் கல்யாணம், திருப்பதி, தீபாவளிப் புடவை எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. அவர்கள் பெட்டி கட்டும் அழகை வைத்தே நோய் எவ்வளவு என்று ஜங்லிகாட் மார்க்கெட்டில் சொல்லிவிடுவார்கள். நானே நிறையப் பேரைக் கேலி செய்திருக்கிறேன்.

என் மகளுக்கு அப்போது மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது பிரசவம். முதல் குழந்தையை நான் போனில்தான் பார்த்தேன். அதுவும் படம் நின்று நின்று வரும், குழந்தையின் முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். போக முடியாததற்குக் காரணம் இவர்தான். இவரைத் தனியே விட முடியாது. ஒரு தரம் கச்சாலுக்குப் போய்விட்டு வருவதற்குள் குக்கர் விசில் கேட்காமல், தண்ணீர் வற்றி, அடுப்படி முழுக்கப் புகை. தீதி ஓடி வந்து அணைத்தாள். கூட்டிக்கொண்டு போகலாம் என்றால் வரமாட்டார். முன்பு ஒரு முறை சென்னை ரோட்டில் பின்னால் வந்த ஆட்டோவின் ஹாரன் கேட்காமல், நூலிழையில் தப்பினார். அன்றிலிருந்து, "காது கேக்காத ஆத்மிக்கு ஐலேண்டுதான் சரி, நான் மெயின்லேண்ட் நை ஆவூங்கா" என்று ஒரே பிடிவாதம். "இந்தத் தடவையாவது வருவியாம்மா?" என்று மகள் கேட்கும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றுவேன்.

டாக்டர் அறையை விட்டு வெளியே வந்தோம். வராந்தாவில் கூட்டம் முட்டியது. அவர் என் பக்கம் வலது காதைச் சாய்த்தார்.

"க்யா போலா? என்ன சொன்னாரு?"

"ஊசி போட்டுச் சதை எடுத்துப் பாக்கணுமாம். அதுக்கு மெயின்லேண்ட் போகணுமாம்."

அவர் முகம் சட்டென்று சின்னதாகிவிட்டது.

"கட்டாயமா?"

நான் தலையாட்டினேன்.

நான் பொய் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்று அதற்குப் பிறகு பல நாள் எனக்கு நானே வாதாடியிருக்கிறேன். ஊசி என்று டாக்டர் சொன்னார். மெயின்லேண்ட் என்றும் சொன்னார். இரண்டில் ஒன்றைச் சொன்னேன், இன்னொன்றைச் சொல்லவில்லை, அவ்வளவுதானே என்று. ஆனால் தலை ஆட்டியது நான்தான். அந்தத் தலையை வேறு யாரும் வந்து பிடித்து ஆட்டவில்லை. மகளைப் பார்க்கப் போகிறேன் என்ற சந்தோஷம் உள்ளே குமுறிக்கொண்டு வந்ததையும், அதை முகத்தில் காட்டாமல் இருக்க நான் கைப்பையில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டதையும் நான் மறக்கவில்லை.

நான் யோசிக்காமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். கட்டாயம் என்று கேட்டால் அந்த மனுஷன் என்ன நினைப்பார் என்று யோசிக்கவில்லை.

அவர் புற்றுநோய் வந்துவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டார். வாயைத் திறந்து சொல்லவில்லை. சாயங்காலம் மீன் பிடிக்கத் தூண்டிலை எடுத்துக்கொண்டு, கப்பல் வந்து நிற்கிற ஜெட்டிக்குப் போகிற ஆள், போகாமல் வீட்டிலேயே இருந்தார். தன் ஸ்பேனர், ரம்பம், குறடு எல்லாவற்றையும் எண்ணெய் போட்டுத் துடைத்து, தீதியின் புருஷனைக் கூப்பிட்டுக் கொடுத்தார். "லே லோ பாய், எனக்கு இனிமே எதுக்கு?" என்றார். வீட்டுத் தண்ணி மோட்டாரில் காற்று அடைத்துக்கொண்டால் எந்த நட்டைத் திருப்ப வேண்டும் என்று என்னை உட்கார வைத்துக் காட்டினார். கல்யாணமான நாளிலிருந்து அந்த மோட்டாரை அவர் என்னைத் தொடவிட்டதில்லை. நான் நட்டைத் திருப்பினேன். மெதுவாகத் திருப்பு, வழுக்கும் என்றார்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் ரெஃபரல் கைக்கு வந்துவிட்டது, டிக்கெட் போட்டாகிவிட்டது, மகள் போனில் அழுது சிரித்தாகிவிட்டது. எப்படியும் ஊசி போட்டுப் பார்ப்பது நல்லதுதானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று ஒரு சமாதானத்தைத் தேடி எடுத்துக்கொண்டேன். எனக்கு வேண்டிய சமாதானங்கள் அந்த மாதம் கேட்காமலே கிடைத்துக்கொண்டிருந்தன.

ஒரு நாள், "கட்டாயம்னு சொல்றான்னா பாதி தெரிஞ்சுதானே அந்த டாக்டர் சொல்றான்?" என்று கேட்டார்.

"அப்பிடியெல்லாம் ஒண்ணும் இல்லிங்க" என்றேன். கத்திச் சொல்லவில்லை. சாதாரணக் குரலில், பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னேன். அவர் பதிலுக்குக் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, நான் ஒன்றும் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டு போய்விட்டார்.

கிளம்புவதற்கு முன் வண்டூரில் இருக்கிற தன் அக்காவைப் பார்க்க வேண்டும் என்றார். ஸ்கூட்டரில் போனோம். காது கேட்காவிட்டாலும் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து நன்றாகவே ஓட்டுவார். அக்காவிடம், "ஒரு டெஸ்டு தீதி, ஜல்தி வந்துருவேன்" என்று மட்டும் சொன்னார். ஆனால் கிளம்பும்போது குனிந்து அக்காவின் காலைத் தொட்டார். பொங்கலுக்குக்கூட அப்படிச் செய்கிறவர் இல்லை. அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வைக்கு நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

திரும்பி வரும் வழியில், பின் ஸீட்டில் அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு நான் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் இரண்டு வழி சொன்னார், காத்திருக்கவும் சொன்னார், கட்டாயம் இல்லை, நான்தான் மகளைப் பார்க்கிற ஆசையில் மறைத்துவிட்டேன் என்று ஒன்று விடாமல் சொன்னேன். காற்று அடித்துக்கொண்டு போனது. என் வாய் அவருடைய இடது காதுக்குப் பின்னால் இருந்தது. கேட்காது என்று தெரிந்துதான் சொன்னேன். சொல்லிவிட்டோம் என்று கொஞ்சம் பாரம் இறங்கிய மாதிரிகூட இருந்தது. அப்படி இறங்கியதற்குத்தான் இன்றைக்கு மிகவும் வெட்கப்படுகிறேன்.

சென்னையில் நாங்கள் போய்ச் சேர்ந்த சில நாளிலேயே மகளுக்குக் குழந்தை பிறந்துவிட்டது. பெண் குழந்தை. துணியோடு சேர்த்து என் கையில் கொடுத்தார்கள். முழு முகம், கட்டம் கட்டமாக இல்லாத முகம். வெட்கமில்லாமல் சந்தோஷமாக இருந்தேன். இதற்காக எதை வேண்டுமானாலும் செய்திருப்பேன் என்று தோன்றியது. செய்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்பதும் அதே நேரத்தில் நினைவுக்கு வந்தது. அவர் குழந்தையைத் தூக்க மறுத்துவிட்டார். தள்ளி நின்று பார்த்துவிட்டு, "இவளுக்கு என் மூஞ்சி ஞாபகம் இருக்காது இல்லே?" என்றார். பிரசவக் களைப்பில் மகள் அதைக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் நாங்கள் பார்த்த டாக்டர் ஒரு நடுவயது அம்மாள். தமிழில், சத்தமாக, அவரைப் பார்த்தே பேசினார்.

"அங்க என்னங்கய்யா சொன்னாங்க?"

"ஊசி எடுத்தே ஆகணும்னு சொல்லிட்டாங்க."

டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த அறையில் ஒளிந்துகொள்ள இடம் இல்லை.

"எடுத்தே ஆகணும்னு இதுக்குச் சொல்ல மாட்டாங்களே. காத்திருந்து ரத்தம் பாக்கலாம்னும் சொல்லியிருப்பாங்களே?" என்றார். பிறகு இவரைப் பரிசோதித்துப் பார்த்துவிட்டு வந்து, தன் கருத்தையும் சொன்னார். கையால் பார்த்ததில் பயப்படும்படி எதுவும் தெரியவில்லை. ஆனால் மாத்திரை கொடுத்தும் ரத்தத்தில் அந்த பி.எஸ்.ஏ. அளவு முழுக்க இறங்காததும், அது ஏறும்படி சுரப்பி அப்படியொன்றும் பெரிதாக இல்லாததும் டாக்டருக்கு லேசாக உறுத்துகிறது. காத்திருப்பது தப்பில்லை. என்றாலும் அவரைக் கேட்டால் இப்போதே எடுத்துப் பார்த்துவிடுவது மேல். "ஆனா முடிவு அய்யாவோடது. வெளிய உக்காந்து ரெண்டு பேரும் பேசிட்டு வாங்க."

கடைசியில் டாக்டர் குரல் தாழ்ந்துவிட்டது. என் கணவருக்குப் பாதிதான் விழுந்திருந்தது. வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்ததும் வலது காதை என் பக்கம் திருப்பினார்.

"என்ன சொன்னாங்க? ஏதோ காத்திருக்கலாம்னு சொன்னாங்களே?"

அடுத்தவர் என்றால் காதோடு காதாகச் சொல்லிவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பார்கள். எனக்கு அந்த வசதி இல்லை. என் புருஷனிடம் எதைச் சொன்னாலும் நான் கத்திச் சொல்ல வேண்டும். அந்த ஹால் நிறைய ஜனம்.

"போர்ட் பிளேர் டாக்டரும் காத்திருக்கலாம்னுதாங்க சொன்னாரு. ரெண்டுமே சரின்னாரு. கட்டாயம்னு சொல்லல. நான்தான் உங்ககிட்ட மறைச்சிட்டேன்."

எதிர் வரிசையில் இட்லிப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்த பெண் கையை நிறுத்தினாள். அவர் என் முகத்தையே பார்த்தார்.

"ஃபிர் ஸே போலோ. மறுபடி சொல்லு."

கேட்கவில்லையா, நம்பவில்லையா என்று தெரியவில்லை. நான் மறுபடி கத்தினேன். இந்தத் தடவை காரணத்தையும் சேர்த்து. புள்ளையப் பாக்கணும்னு ஆசையில பண்ணிட்டேங்க என்று. ஹாலில் பாதிப் பேர் திரும்பிவிட்டார்கள். ஒரு பெரியவர் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தார். இதைவிட அவர் என்னை அங்கேயே ஒரு அறை அறைந்திருக்கலாம்.

அவர் அறைகிற ஆள் இல்லை. ரிப்போர்ட் கவரை என் மடியிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "இன்னிக்கு இந்தம்மா என்ன சொன்னாங்க?" என்றார்.

"காத்திருக்கலாம், தப்பில்ல. ஆனா இப்பவே எடுத்துப் பாக்குறது மேல்னு அவங்களுக்குப் படுதாம்."

"இது டாக்டர் சொன்னதா, நீ சொல்றதா?"

நான் சத்தியம் செய்யப் போனேன். எந்தச் சத்தியத்தை நம்பச் சொல்வது? அவர் எழுந்து, "சலோ, வீட்டுக்குப் போலாம்" என்றார். டாக்டரிடம் இரண்டு நாள் கழித்து வருகிறோம் என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். நான் சரியாகச் சொல்கிறேனா என்று கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மருமகனைக் கூட்டிக்கொண்டு போய்க் காது மெஷின் மாட்டிக்கொண்டு வந்தார். வருஷக்கணக்காக நான் கெஞ்சியிருக்கிறேன். கிழவன் ஆயிட்டேன்னு நெத்தியில ஒட்டிக்கச் சொல்றியா என்று எரிந்து விழுவார். இப்போது தானாகவே போய் மாட்டிக்கொண்டு வந்து நின்றதும் மகளுக்குத் தலைகால் புரியவில்லை. "எப்பிடிம்மா மடக்குனே? சூப்பர்மா நீ!" என்று கட்டிலில் இருந்தபடியே கையைத் தட்டினாள். மருமகன் சிரித்தான். அவரும் சிரித்தார், என்னைப் பார்க்காமல். நான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பிறகுதான் இனிமேல் குழாய்ச் சத்தத்துக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று அவருக்குக் கேட்கும் என்று உறைத்தது.

இரண்டாம் தடவை போனபோது டாக்டரின் கதவு வரை என்னோடு வந்தார். நர்ஸ் இரண்டு பேரையும் உள்ளே வரச் சொன்னாள். "நீ இங்க இரு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லிவிட்டு உள்ளே நுழைந்திருப்பேன்.

நான் உட்கார்ந்திருந்தேன். உள்ளே டாக்டர் பேசுவதும், அவர் "ஹாங், ஹாங்" என்று ஆமாம் போடுவதும், நடுநடுவே எதையோ திருப்பிக் கேட்பதும் மங்கலாகக் கேட்டது. அவர் சார்பில் யாரும் இல்லாமல் அவரே ஒரு கேள்வி கேட்டு, அவரே பதிலை வாங்குவதை நான் முதல் தடவையாகக் கேட்டேன். அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மூணு மாசம் பாக்கலாம்னு சொல்லிட்டேன்."

"எடுத்துப் பாக்குறது மேல்னு அவங்க சொல்லலையா?"

"சொன்னாங்க. நீ அன்னிக்குச் சொன்னது சரிதான். அதேதான் சொன்னாங்க."

"அப்புறம் ஏங்க?"

மெஷினைக் காதில் கொஞ்சம் சரி செய்துகொண்டார். பழக்கமில்லாததால் அது உறுத்திக்கொண்டே இருந்தது.

"சுனோ, ஒரு மஹினா, முழுசா ஒரு மாசம் நான் செத்துப்போறவனா இருந்துட்டேன். எல்லாரையும் பாத்தாச்சு, எல்லாத்தையும் குடுத்தாச்சு. இப்ப மறுபடி ஊசி, மறுபடி ரிசல்ட்டுக்கு உக்காருன்னா என்னால முடியல. தெம்பு இல்ல. கொஞ்ச நாளு ஒண்ணுமில்லாதவனா இருந்துட்டு வரேன். அப்புறம் பாக்கலாம்."

கீழே இறங்கும்போது படிக்கட்டில் வழக்கம்போல என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்குச் சாயங்காலம் பேத்தியை முதல் தடவையாகத் தூக்கினார். அது அழுதபோது மெஷின் கீச்சென்று கத்த, இரண்டு பேரும் சேர்ந்து திடுக்கிட்டார்கள். எல்லாரும் சிரித்தார்கள்.

இப்போது டாலிகஞ்சில் அந்த மூன்று மாதத்துக்குள் இருக்கிறோம். அவர் சந்தோஷமாகத்தான் இருக்கிறார். ஜெட்டிக்குப் போகிறார், மீன் கொண்டுவருகிறார், தீதியின் புருஷனிடம் போய்க் கூச்சப்படாமல் குறடு, ரம்பம் எல்லாவற்றையும் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். குக்கர் விசிலுக்கு எனக்கு முன்னால் எழுந்து போகிறார். என்மேல் கோபம் இருக்கிறதா என்று ஒரு நாள் கேட்டேன். "விடு" என்றார். அந்த ஒரு வார்த்தையை வைத்து நான் எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை.

காத்திருப்பது தப்பில்லை என்று இரண்டு டாக்டர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதைத்தான் தினமும் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் இரவில் அவர் எழுந்து பாத்ரூமுக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்த அம்மாள் டாக்டருக்கு உறுத்தியது உறுத்துகிறது. இந்தத் தடவை மகள் இல்லை, குழந்தை இல்லை, எனக்கென்று எந்த ஆசையும் இதில் இல்லை. எடுத்துப் பார்த்துவிடலாம் என்று சுத்தமான மனசோடு நினைக்கிறேன். சொன்னால் போதும், கத்தக்கூட வேண்டாம், இப்போது அவருக்குக் கேட்கும். பல தடவை "என்னாங்க" என்று கூப்பிட்டுவிட்டேன். அவர் உடனே திரும்பி, "என்ன?" என்கிறார். "ஒண்ணுமில்ல, டீ போடவா" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போகிறேன்.